மொத்தப் புரதம்

ஒற்றுப்பிழை பார்த்துக் கொடுக்கச் சொல்லித்தான் தம்பி அன்றைக்கு வீட்டுக்கு வந்தான். புது அரிசிக்கான பச்சைச் சாக்கு மூட்டையின் மேல் அச்சடிக்கப்போகும் வாசகம். கைப்பேசியை என் மூக்கு நுனிக்கு நீட்டி, "அக்கா, நாளைக்கு அச்சுக்குப் போவுது. தப்பு இருந்தா உன் ஸ்கூல் பசங்களே என்னைக் கிழிச்சிடுவாங்க" என்றான். 'மொத்த புரதம் இருமடங்கு' என்று இருந்தது. உறையூர் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை நான். என் கண்ணில் வேறு எது படும்?

"நடுவுல 'ப்' எங்கடா? மொத்தப் புரதம்" என்றேன்.

"இதுக்குத்தான் உன்கிட்ட வர்றது" என்று சிரித்தான். திருத்திக்கொண்டான். காபி குடித்தான். போய்விட்டான். ஊரில் இருக்கிற ஒவ்வொரு பச்சை மூட்டையின் மேலும் இருக்கும் அந்த 'ப்' என்னுடையது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

எங்கள் அப்பா சைவப் பழம். எனக்கு மங்கையர்க்கரசி என்றும் தம்பிக்கு மெய்கண்டான் என்றும் பெயர் வைத்தார். பெயர் வைப்பதோடு பெற்றவர்கள் வேலை முடிந்துவிடுகிறது; அதற்குப் பிறகு பிள்ளைகள் எதைக் கண்டால் என்ன? மெய்கண்டான் தானியப் புரதத்தில் ஆராய்ச்சி செய்து பெரிய ஆளானான். ஒரு விதை நிறுவனம் அவனைக் கொத்திக்கொண்டு போனது. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் அவர்களுக்குக் கண்ணாடி மாளிகை போல ஓர் ஆராய்ச்சிக்கூடம்.

அவன் செய்த முதல் அரிசி சிவப்பு மூட்டை. அதை என் வீட்டுக்காரருக்காகவே செய்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்குச் சிறுநீரகம் பழுது. புரதத்தைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். சோற்றிலும் புரதம் உண்டு, அதையும் அளந்து சாப்பிடுங்கள் என்றார். மூன்று வேளையும் சோறு கேட்கிற மனிதரிடம் போய் இதைச் சொன்னால்? தட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் கோழியாப் பொறந்திருக்கலாம்" என்றார். அப்போதுதான் தம்பி சிவப்பு மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினான். 'உடலில் சேரும் புரதம் குறைவு' என்று அதன்மேல் எழுதியிருந்தது. அவர் வயிறாரச் சாப்பிட்டார். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார், ரத்தத்தில் யூரியா ஏறினால் நீல விளக்கு மஞ்சளாகும், மேலும் ஏறினால் சிவப்பாகும். சிவப்பு மூட்டை வந்த பிறகு அது நீலத்தைவிட்டு நகரவில்லை. தம்பியைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

பிறகு பருப்புக் கருகல் வந்தது. துவரை, உளுந்து, பாசிப்பயறு எல்லாவற்றையும் ஒரு நோய் வாரிக்கொண்டு போனது. சாம்பார் என்று புளித்தண்ணீர் குடித்தோம். பிள்ளைகளுக்குப் புரதத்துக்கு எங்கே போவது என்று எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது தம்பியின் நிறுவனம் பச்சை மூட்டையை இறக்கியது. ரேஷனிலும் அதுதான், பள்ளிச் சத்துணவிலும் அதுதான். சோறு உதிரி உதிரியாக இருக்கும். மாதக்கணக்கில் வைத்தாலும் ஒரு வண்டு அண்டாது. இனிமேல் பருப்பைத் தேடி அலைய வேண்டாம், சோற்றிலேயே எல்லாம் இருக்கிறது என்று சனங்கள் நிம்மதியானார்கள்.

என் அடுப்பில் இரண்டு பாத்திரம் ஏறின. சிவப்பு மூட்டை அவருக்கு, பச்சை மூட்டை எங்களுக்கு. கரண்டிகூட மாறக்கூடாது என்று அப்படி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். "ரெண்டும் ஒரே மாதிரிதானடி இருக்கு" என்பார் அவர். "நாக்கு செத்துப்போச்சா உங்களுக்கு?" என்று வாயை அடைத்துவிடுவேன்.

மகள் உமையாள் பிள்ளைப்பேற்றுக்கு வந்தாள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. மசக்கை அவளைப் பாடாய்ப் படுத்தியது. முட்டை வாசனை பட்டாலே குடலே வெளியே வந்துவிடும் போல ஓங்கரிப்பாள், பால் இறங்காது. ரசம் சோறு, மோர் சோறு மட்டும்தான் தங்கியது. "பரவால்ல, அரிசியிலயே புரதம் இருக்கு, மாமாவோட அரிசி" என்று நான்தான் ஊட்டி ஊட்டிக் கொடுத்தேன்.

வளைகாப்புக்குத் தாய்மாமன் சீரோடு வந்தான் மெய்கண்டான். பட்டுப்புடவை, வளையல், தட்டுத் தட்டாகப் பழம். கூடவே எழுத்தே இல்லாத ஒரு சாக்கு மூட்டை. "அரிசிக்கா. இது உமைக்கு. தனியா வச்சிரு" என்றான். சீர் பெண்ணுக்குத்தான் என்று எனக்குத் தெரியாதா? என் புகுந்த வீட்டில் ஒரு வழக்கம்: தாய்மாமன் கொண்டுவந்த அரிசியை அன்றைக்கே பொங்கி, வந்தவர்கள் இலையில் போட்டுவிட வேண்டும், மிச்சம் வைத்தால் கொண்டுவந்தவனுக்கு மரியாதைக் குறைவு. மூட்டையை அப்படியே சமையல்காரரிடம் தள்ளிவிட்டேன். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். பந்தியில், "விஞ்ஞானி வீட்டு அரிசி, ஆனா குழையுதே!" என்று கேலிகூட நடந்தது.

தம்பி இலையைப் பார்த்தான். சோற்றை விரலால் அழுத்தினான்.

"எந்த அரிசிக்கா இது?"

"நீ கொண்டுவந்த சீர் அரிசிதான். மொத்தத்தையும் போட்டாச்சு, உன் பேர் நிக்கணும்ல?"

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. வெயில் என்று நினைத்தேன். பிறகு பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் பந்தியில் உட்கார்ந்து புளியோதரையை ஒரு கை பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் பட்டை மஞ்சள். "நாக்கைக் கட்ட முடியாதா?" என்று பிடித்து உலுக்கினேன். திரும்பச் சிவப்பு மூட்டைச் சோறு, திரும்ப நீலம்.

அதற்குப் பிறகு சிவப்பு மூட்டை வருவது நின்றது. தம்பிக்குப் போன் போட்டால், உற்பத்தி எல்லாம் பச்சைக்குத் திருப்பியாச்சு, கொஞ்சம் பொறு என்றான். பொறுத்தால் மனிதர் எதைச் சாப்பிடுவார்? வேறு வழியில்லாமல் பச்சை மூட்டையிலேயே அவருக்கும் வடித்தேன். இருமடங்கு புரதம்! ஒவ்வொரு நாளும் விடிந்ததும் முதல் வேலையாக அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பேன். நீலம். மறுநாளும் நீலம். வாரங்கள் போயின. நீலம்தான்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. சாமி கண் திறந்துவிட்டார் என்று வெக்காளியம்மனுக்கு எலுமிச்சை மாலைகூடப் போட்டேன்.

அந்த மாதம் உமைக்கு ஸ்கேன். கால் இரண்டும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. பிரசவ டாக்டரம்மா திரையையே பார்த்தபடி, "குழந்தை வளர்த்தி பத்தல. உங்க ரத்தத்துல புரதம் ரொம்ப இறங்கியிருக்கு. என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"பச்சை மூட்டை அரிசிதான் டாக்டர். மூணு வேளையும்" என்றாள் உமை.

"அப்படியா? அப்ப இப்படி இறங்கக்கூடாதே" என்றார் அவர். "இதே மாதிரி இன்னும் சிலர் வர்றாங்க. புரியல. முட்டை, மீன், எது இறங்குதோ குடுங்க. நாள் இருக்கு, ஆனா சும்மா விடக்கூடாது."

ஆட்டோவில் திரும்பும்போது உமை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். வீட்டில் ஒரே பானைச் சோறு. அப்பாவுக்கு யூரியா ஏறவில்லை, மகளுக்குப் பிள்ளை வளரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளை வீட்டில் இறக்கிவிட்டு, அதே ஆட்டோவில் மண்ணச்சநல்லூர் போனேன்.

தம்பி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான். "என்னக்கா, சொல்லாமக் கொள்ளாம?"

அவன் மேசைமேல் இரண்டு கண்ணாடிச் சீசா இருந்தன. ஒன்றில் அரிசி, அதற்குள் வண்டு மொய்த்து ஓடிக்கொண்டிருந்தது. மற்றதிலும் அரிசிதான், அடியில் நாலைந்து செத்த வண்டு, அவ்வளவுதான்.

"மெய்கண்டா, பச்சை மூட்டையில வண்டு ஏன் அண்ட மாட்டேங்குது?"

"அது ரகத்தோட குணம்."

"என்ன குணம்?"

அவன் சீசாக்களை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"உங்க அத்தான் பச்சை மூட்டைச் சோறு தின்னுக்கிட்டு இருக்காரு. பட்டை நீலமாவே இருக்கு. உமைக்குக் கால் வீங்கிருச்சு. பிள்ளை வளரலயாம். இப்ப சொல்லு, என்ன குணம்?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பாடம் ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தான்.

"நெல்லு தனக்குள்ள புரதத்த நமக்காகச் சேர்த்து வைக்கலக்கா. முளைக்காகச் சேர்த்து வைக்குது. சின்னச் சின்ன உருண்டையா. ரெண்டு வகை. ஒண்ணு நம்ம வயித்துல கரையும். குளூட்டலின்னு சொல்லுவோம். இன்னொண்ணு புரோலமின். அது கெட்டி. சமைச்சா இன்னும் இறுகும். வயித்துல கரையாம அப்படியே வெளிய போயிரும். முளை விடுறப்போ அந்த விதைக்கு மட்டும் அதைத் திறக்கத் தெரியும்."

"அதனால?"

"கரையறதக் குறைச்சு, கரையாததக் கூட்டினேன். அத்தான் மாதிரி ஆளுங்களுக்கு. சோறு நிறையத் திங்கலாம், புரதம் உடம்புல சேராது."

"அது சிவப்பு மூட்டை. நான் பச்சையக் கேக்குறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

அவன் வாயாலேயே வரட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

"பச்சைக்குன்னு நிஜமாவே ஒரு ரகம் பண்ணினேன். நல்லாக் கரையற புரதம், ரெண்டு மடங்கு. வயல்ல சாஞ்சு போச்சு. குடோன்ல வண்டு அரிச்சுத் தள்ளிருச்சு. அதுக்குள்ள அரசாங்கம் அவசரப்படுத்துச்சு. மொத்தப் புரதம் எவ்வளவுன்னு மட்டும்தான் கேட்டாங்க. சோதனைச்சாலையில அரிசியக் கடுமையான அமிலத்துல போட்டுக் கொதிக்க வச்சு அளப்பாங்க. அதுல அந்தக் கெட்டி உருண்டையும் உடைஞ்சிரும், எல்லாத்தையும் சேர்த்து எண்ணிருவாங்க. சிவப்பு மூட்டை அரிசியிலதான் எண்ணிக்கை அதிகமா வந்துச்சு. மேல இருக்கிறவங்க இதையே பச்சைச் சாக்குல போடச் சொல்லிட்டாங்க."

"வயித்துலயும் அமிலம்தானடா?"

"அந்த அளவு இல்லக்கா."

"ஆக, வண்டு பட்டினி கிடந்து செத்திருக்கு. வண்டுக்குத் தெரிஞ்சது எங்களுக்குத் தெரியல."

"நான் பொய் சொல்லலக்கா" என்றான். குரல் உயர்ந்தது. "ரெண்டு மூட்டையில இருக்கிற வாசகமும் உண்மை. ஒண்ணுல 'சேரும் புரதம்'னு இருக்கு. ஒண்ணுல 'மொத்தப் புரதம்'னு இருக்கு. யார் வேணா படிச்சுப் பார்க்கலாம்."

எனக்கு அறைய வேண்டும்போல இருந்தது. முப்பது பிள்ளைகளை நிற்கவைத்துப் பெயரெச்சம் ஒப்பிக்கச் சொல்கிறவள் நான். 'சேரும்' என்ற ஒரு பெயரெச்சம் வருஷக்கணக்கில் என் சமையலறைச் சுவரோரம் சாய்ந்து கிடந்திருக்கிறது. அதைக் 'குறைவு' என்று மட்டுமே படித்திருக்கிறேன். இவனோ, மொத்தம் என்று எழுதி, அக்காவிடமே கொண்டுவந்து, ஒற்றுப்பிழை பார்த்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அக்கா 'ப்'பைத்தான் பார்ப்பாள் என்று அவனுக்குத் தெரியும். என்னை என் தமிழை வைத்தே ஏமாற்றிவிட்டான்.

"வளைகாப்பு மறுநாள் அத்தானுக்குப் பட்டை மஞ்சளாச்சு" என்றேன். "உன் சீர் அரிசியத் தின்னு. பச்சை மூட்டை பண்ணாதத உன் மூட்டை பண்ணிருக்கு. அது என்ன அரிசி?"

தலை குனிந்தான். "சாதாப் பொன்னி. லால்குடியில ஒருத்தர் இன்னும் போடுறாரு."

"எதுக்குக் கொண்டுவந்தே?"

"உமைக்கு. பிரசவம் வரைக்கும் தாங்கும்னு..."

"அன்னைக்கு இலையில உக்காந்து, எந்த அரிசின்னு என்னைக் கேட்டியே?"

"ம்."

"மொத்தத்தையும் போட்டாச்சுன்னு சொன்னேன். இனிமே அவ எதைத் திம்பான்னு உனக்குத் தெரியும். உன் மடியில வளர்ந்த பிள்ளைடா அவ. ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். தனியாக் கூப்பிட்டுக் காதுலயாவது சொல்லிருக்கலாம். நீ பாயசம் கேட்டு வாங்கிக் குடிச்சே."

"எல்லார் முன்னாடியும் எப்படிக்கா..." என்றவன் முடிக்கவில்லை. அழுதான். சின்ன வயதில் அவன் அழுதால் எனக்கும் அழுகை வரும். அன்றைக்கு வரவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "இன்னைக்கே பொன்னி ஒரு மூட்டை அனுப்புறேன். உமைக்கு மட்டும் வடிச்சுப் போடு. அத்தானுக்கும் சிவப்பு மூட்டை தனியா எடுத்து வைக்கிறேன். வெளிய மட்டும் வாய் திறக்காதக்கா. நான் உள்ள போயிடுவேன். ரெண்டே போகம் பொறுத்துக்க, புது ரகம் வந்துரும்."

"ரெண்டு போகத்துல எத்தனை பிள்ளை பொறக்கும்டா?"

நான் ஆட்டோவைத் தேடி வெளியே வந்தேன்.

சொன்னபடி சாயங்காலமே மூட்டை வந்து இறங்கியது. சாக்கில் எழுத்தே இல்லை. நான் உடனே உலையை வைத்தேன், பொய் சொல்லக் கூடாது. சோறு கொஞ்சம் குழைந்துதான் வந்தது. அவித்த மீனை உதிர்த்து, வாசனை தெரியாமல் எலுமிச்சை பிழிந்து கலந்து உமைக்குக் கொடுத்தேன். பாதிதான் இறங்கியது. இறங்கினவரை லாபம் என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவள் தப்பித்துக்கொண்டால் போதுமே, என்று மனசின் ஒரு மூலை சொன்னது. தம்பி சொன்னதும் அதேதானே? அவனுக்கும் எனக்கும் ஒரே ரத்தம்தான்.

வாசலில் ஜெரினா வந்து நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண். உமைக்கும் அவளுக்கும் ஒரே மாதக் கணக்கு. இரண்டு பேரும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சேர்ந்துதான் நடைப்பயிற்சி போவார்கள். வளைகாப்பில் உமைக்குக் கன்னத்தில் சந்தனம் பூசினவள்.

"உமைக்கு ஸ்கேன்ல என்னவோ சொன்னாங்களாமே, பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றவள் மூட்டையைப் பார்த்தாள். "என்ன டீச்சர், இந்த மூட்டையில எழுத்தே இல்ல?"

உள்ளே உமை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"எழுத்து இருக்கிற மூட்டையில உண்மை இல்ல ஜெரினா" என்றேன். "உள்ள வா, உக்காரு."

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னேன். தம்பி பெயரையும் சொன்னேன். மாமா பெயரைக் கேட்டதும் உமை தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "இல்லம்மா, மாமா அப்படிப் பண்ணமாட்டாங்க" என்றாள். நான் மறுபடியும் தட்டை அவள் கையில் கொடுத்தேன். "அழுதுக்கிட்டே சாப்பிடு. நிறுத்தாதே" என்றேன்.

பொன்னியில் பாதியை அளக்காமல் ஒரு பையில் கொட்டி ஜெரினாவிடம் கொடுத்தேன். பிறகு சமையலறையில் மடித்து வைத்திருந்த பச்சைச் சாக்கு ஒன்றை எடுத்து வந்து தரையில் விரித்தேன். விடைத்தாள் திருத்துகிற சிவப்பு மைப் பேனா மேசையில் இருந்தது. அது போதவில்லை, பள்ளிப் பலகையில் எழுதுகிற தடித்த சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"என்னடி பண்ற?" என்றார் வீட்டுக்காரர்.

"பிழை திருத்துறேன்."

'மொத்த' என்பதை அடித்து, அதன் தலைக்கு மேல் 'சேரா' என்று எழுதினேன். 'ப்'பைத் தொடவில்லை. அந்தச் சொல்லுக்குப் பிறகும் ஒற்று மிகும். நான் போட்டது சரியாகத்தான் இருந்தது. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி சாக்கை வாசல் கேட்டில் கட்டினேன்.

ஜெரினா அரிசிப் பையோடு வெளியே வந்தாள். கேட்டருகே நின்று வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சேராப் புரதம் இருமடங்கு."

படித்து முடித்தபோது அவள் கை வயிற்றின்மேல் இருந்தது.